கிடை போட்ட களிமண்

நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்குத் தோட்ட மேஸ்திரியாக வந்தவர் ராயப்பன். போன மாதம் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். அல்லிநகரத்துப் பக்கம் ஒரு பங்களாவுக்குப் புல்தரை போடுகிறாராம். இடம் முழுக்கக் களி. வெட்டின மண்வெட்டியை மண் விடமாட்டேன் என்கிறதாம்.

"கெழக்கேயிருந்து ஆட்டு மந்தை வந்து எறங்கியிருக்குண்ணே. நாலு ராத்திரி கிடை போட்டுட்டா மண்ணு பொலபொலன்னு ஆயிரும்ல? என்ன சொல்றீக?"

போடாதே என்றேன். ஏன் என்றார். பயம் என்றேன். மனுஷர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல பாம்பை வாலைப் புடிச்சுத் தூக்கி எறிஞ்ச ஆளு, ஆட்டுப் புழுக்கைக்குப் பயப்படுறீகளாக்கும்!"

சிரிக்கட்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயால் சொன்னால் கிழவன் உளறுகிறான் என்பார்கள். அதனால் எழுதுகிறேன். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் சாமியார் பிரம்போடு சொல்லிக்கொடுத்த எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் வடுகபட்டி. அப்பா வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்தார். நானும் விவரம் தெரிந்த நாளிலிருந்து அங்கேதான் கிடந்தேன். கொடிக்கால் மண் எப்போது தண்ணீர் கேட்கும், எப்போது வேண்டாம் என்னும் என்று காலால் மிதித்தே சொல்லிவிடுவேன். மலைமேல் அணை கட்டுகிற வேலை தொடங்கி, பள்ளத்தாக்கு முழுக்க வண்டியும் கூலியாளுமாக நிறைந்த காலத்தில், மண் வெட்டுகிற கூலியாகச் சின்னமனூருக்கு வந்தேன். என் மனைவி சூசையம்மாளும் கூடை சுமக்க வந்தாள். அங்கே அணை வேலை பார்த்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் என்னைப் பிடித்துத் தன் பங்களாத் தோட்டத்துக்குப் போட்டுக்கொண்டார். பிடித்து என்று சொல்வதுதான் சரி. மழை பெய்த மறுநாள் எல்லாரும் வரப்பை மிதித்துக் குழப்பிக்கொண்டு போனபோது, நான் மட்டும் சுற்றிப் போனேனாம். அதைப் பார்த்துவிட்டார்.

அந்தத் துரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தப்பு நடந்தால் பக்கத்தில் வந்து நிற்பார். பேசமாட்டார். அப்படியே நிற்பார். திட்டினால்கூடத் தேவலை, இந்த மனுஷன் வாயைத் திறக்கமாட்டாரா என்று நமக்கு வேர்த்துக் கொட்டும். தமிழ் பேசுவார், ஆனால் முனிசீப்பு கோர்ட்டில் தீர்ப்பு வாசிப்பது போல இருக்கும். "மிக்கேல், மண் நனைந்திருக்கிறது. ஒருவரும் மிதிக்கலாகாது." சூசையம்மாள் வீட்டில் என்னை அப்படியே கேலி செய்வாள். "மிக்கேல், கஞ்சி ஆறியிருக்கிறது. ஒருவரும் குடிக்கலாகாது."

பங்களாவுக்கு முன்னால் இருந்த நிலம் பழைய நஞ்சை. தலைமுறை தலைமுறையாக நெல் நட்டு, தொளிச் சேறு கலக்கி, மிதித்து மிதித்து அடியில் பாறை மாதிரி இறுகிப்போன களி. துரையின் மனைவியும் சின்னப் பெண் குழந்தையும் கொடைக்கானலில் இருந்தார்கள். அடுத்த மழைக்காலம் முடிந்து அவர்கள் இறங்கி வரும்போது, குழந்தை வெறுங்காலோடு ஓடி விளையாடப் புல்தரை வேண்டும் என்பது துரையின் ஆசை. அவர் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து, எச்சில் தொட்டு, விரல் தடிமனுக்கு உருட்டி வளைத்தார். வெடிக்காமல் மோதிரம் மாதிரி வளைந்தது. என்னிடம் காட்டி, "இதில் புல் மூழ்கிச் சாகும்" என்றார். உண்மைதான். களியில் மழைக்குத் தண்ணீர் நிற்கும், வெயிலுக்கு விரல் நுழைகிற வெடிப்பு விழும். இரண்டிலும் புல்லின் வேர் தாங்காது.

வேலையை இப்படிச் செய்தோம். ஈரம் வற்றுகிறவரை மண்வெட்டி வைக்கவில்லை. நனைந்த களியைத் தொட்டால் அது அப்பமாக இறுகிவிடும், பிறகு கடப்பாரைதான். காய்ந்த பின் மேல்மண்ணை ஒரு பக்கம் ஒதுக்கி, அடியில் இருந்த கெட்டிக் களியை இன்னொரு பக்கம் குவித்தோம். வீட்டை விட்டு விலகிச் சாய்கிற மாதிரி வாய்க்கால் தோண்டி, மலைக்கல்லும் உடைந்த செங்கலும் நிரப்பினோம். மேல்மண்ணைக் கட்டி கட்டியாகப் புரட்டிப் போட்டு வெயிலுக்குக் காட்டினோம். வெயில் உடைக்கிற மாதிரி எந்த ஆளும் களியை உடைக்க முடியாது. அப்புறம் ஆற்று மணல். கொஞ்சமாகப் போட்டால் களியும் மணலும் சேர்ந்து செங்கலாகிவிடும். போட்டால் தாராளமாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் போடவே கூடாது. மணலோடு மக்கின இலை, நெல் உமி, பழைய சாணக் குப்பை. மண்ணைக் கையில் பிடித்து விட்டால் உதிர வேண்டும். அதுவரை துரை கைத்தடியால் குத்திக் குத்திப் பார்ப்பார். தடி தன் பாரத்தில் இறங்கினால் தலையை ஆட்டுவார். இறங்காவிட்டால், சொன்னேனே, அப்படியே நிற்பார்.

ஆழமாக வெட்டினபோது ஒரு மூலையில் மாட்டு எலும்புகள் கிடைத்தன. மண்டை ஓடு, விலா, எல்லாம் ஒரே குவியலாக. எங்களுக்குச் சந்தோஷம். எலும்பு நல்ல உரமல்லவா? நொறுக்கி மண்ணோடு கலந்தோம். ஏன் இத்தனை மாடுகளை ஒரே குழியில் போட்டார்கள் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எல்லாம் போட்டும் மண் துரையின் தடிக்கு இடங்கொடுக்கவில்லை. கிடை போடலாம் என்ற பேச்சு அப்போதுதான் வந்தது. எங்கள் பக்கத்தில் இது எல்லாரும் செய்வது. ராத்திரி முழுக்க ஆடுகள் நிலத்தில் அடைந்து கிடந்தால், புழுக்கையும் மூத்திரமும் இறங்கும், குளம்பு மண்ணைக் கிளறிவிடும். மந்தைக்குத் தலைவரைக் கீதாரி என்போம். மாயாண்டி கீதாரி என்றொருவர் அப்போது ஆற்றங்கரையில் மந்தையோடு இறங்கியிருந்தார். துரையிடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சூசையம்மாளும் மற்றப் பெண்களும் இலந்தை முள் வெட்டி வந்து வேலி அடைத்தார்கள். அவளுடைய முன்கையில் முள் கீறி நீளமாக ஒரு கோடு விழுந்தது. நான் பார்த்தேன். முள் வெட்டினால் கீறத்தானே செய்யும்?

ஒரு விடியற்காலையில் கிடையில் ஒரு கிடா தள்ளாடி விழுந்தது. வயிறு உப்பியிருந்தது. மேய்ச்சல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார் கீதாரி. மூச்சு அடங்குவதற்குள் அறுத்துவிட வேண்டும், நிலத்துக்காரன் ஆட்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டும். அது அவர்கள் வழக்கம். அறுத்தார். ரத்தம் கறுப்பாக வந்தது. சட்டியில் பிடித்து வைத்தோம். உறையவே இல்லை.

எங்கள் குடிசைகள் எல்லாம் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் குடிசைகள். அப்போது தவசுக் காலம். யேசு உயிர்த்த பாஸ்காத் திருநாள் வரைக்கும் கறி வாயில் வைக்கமாட்டோம். கிடைத்த கறியை விடவும் மனசு வராது. அதனால் பெண்கள் உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து, திருநாளுக்கென்று கூரை இறவாரத்தில் தொங்கவிட்டார்கள். ரத்தத்தை அப்படி வைக்க முடியாதே! "வீணா ஊத்துறதுக்கு மண்ணுக்காவது போடுவோமே" என்றாள் சூசையம்மாள். எங்கள் கொடிக்காலில் நோஞ்சான் கொடிக்கு ஆட்டு ரத்தமும் சாம்பலும் வைப்பது உண்டு. சட்டியைக் கொண்டுபோய்ப் புரட்டின மண்ணில் ஊற்றி, சாம்பலைத் தூவி, முழங்கை வரை விட்டுப் பிசைந்தாள். "பாருங்க, எம்புட்டு மெதுவாப் போச்சு!" என்று எனக்குக் காட்டினாள்.

மறுநாள் விடிந்தபோது கீதாரியின் அலறல்தான் முதலில் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் வேலிக்குள் அங்கங்கே ஆடுகள் கால் விறைத்துக் கிடக்கின்றன. மூக்கிலும் பின்பக்கத்திலும் கறுத்த ரத்தம். கீதாரி தலையில் அடித்துக்கொண்டு மந்தையை வெளியே ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அடைப்பான்யா, அடைப்பான்! ஏலே, யாரும் தொடாதியலே! நேத்து அறுத்த கறிய யாராச்சும் தின்னீகளா?"

"திங்கலண்ணே. தவசு" என்றேன்.

"மாரியாத்தா காப்பாத்துனா! தூக்கி எறிங்கய்யா. பிள்ளைகள அண்டவிடாதீக!"

அடைப்பான் ஆட்டையும் கொல்லும், அந்தக் கறியைத் தின்ற ஆளையும் கொல்லும். நான் குடிசை குடிசையாக ஓடினேன். இறவாரத்துக் கயிறுகளை அறுத்துக் குச்சியால் தள்ளினேன். ஒருத்தி கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். "பாஸ்காவுக்கு எம்பிள்ளைக எதைத் திங்கும்? ஆடு செத்தா ஒனக்கென்ன கிறுக்கா?" என்று சண்டைக்கு வந்தாள். "பாஸ்காவுக்கு ஒம்பிள்ளைக இருக்கணும்ல?" என்று கத்தினேன். கையை விட்டுவிட்டாள். எல்லாவற்றையும் குவித்து முள்ளைப் போட்டுக் கொளுத்தினோம். தவசு மட்டும் குறுக்கே வராதிருந்தால் அந்த வரிசையில் எத்தனை வீட்டில் விளக்கு எரிந்திருக்குமோ! நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் அந்த நெருப்பு முன்னால் முழங்கால் போட்டேன்.

கறி போய்விட்டது, பிழைத்தோம் என்று நினைத்தேன். இரண்டொரு நாள் கழித்துச் சூசையம்மாள் அடுப்பங்கரையிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

முன்கையில், முள் கீறின இடத்தில், கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு. காலையில் அரித்ததாம். சுற்றிலும் சின்னச் சின்னக் கொப்புளம். நடுவில் கறுப்பு. அடுப்புக் கரி ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை.

"வலிக்குதா?"

"இல்லீங்க. குத்திப் பாத்தேன். ஒண்ணுமே தெரியல. அதான் எனக்குப் பயமா இருக்கு."

அந்தக் கறுப்பைப் பார்த்ததும் சட்டியில் உறையாமல் கிடந்த ரத்தம்தான் கண்முன் வந்தது. சாயங்காலத்துக்குள் கை மணிக்கட்டு வரை வீங்கி மினுமினுத்தது. அவளைக் கூட்டிக்கொண்டு துரையிடம் ஓடினேன்.

துரை கையைப் பார்த்தார். பார்த்தவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. தமிழ் மறந்துபோய் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிறகு மெள்ள, "என் தகப்பனாருக்கு ஆட்டுப் பண்ணை இருந்தது. எங்கள் இடையனுக்குக் கழுத்தில் இது வந்தது" என்றார்.

"அவரு பொழைச்சாரா துரை?"

துரை வாசலுக்கு நடந்தார். வண்டியைக் கட்டச் சொன்னார்.

அணை முகாம் ஆஸ்பத்திரியில் டாக்டர் மலைக்கு மேலே போயிருந்தார். காயத்துக்குக் கட்டுப்போடுகிற திருவாங்கூர்க்கார டிரஸ்ஸர் ஒருவர்தான் இருந்தார். "பேடிக்கேண்டா, பயப்பட வேண்டா" என்று சொல்லிக்கொண்டே கையைத் தூக்கிப் பார்த்தார். கார்பாலிக் தண்ணீரால் கழுவினார். ஒரு இரும்புக் கம்பியைக் கரி அடுப்பில் செருகினார். என்னைப் பார்த்து, "நீ தோளைப் பிடி. இந்தக் கறுப்பு செத்த சதை. அதைச் சுட்டால் இவளுக்குத் தெரியாது. உயிருள்ள சதை வரைக்கும் சுடணும். இவள் கத்தினால்தான் நான் நிறுத்துவேன்" என்றார்.

கம்பி சிவந்தது. கறுப்பின் நடுவில் வைத்தார். புகை வந்தது. சூசையம்மாள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். சத்தமில்லை. கம்பியைத் திரும்பக் காய வைத்தார். திரும்ப வைத்தார். அப்போதும் சத்தமில்லை. கட்டின மனைவி வலியில் கத்த வேண்டும் என்று வேண்டிக்கொண்ட புருஷன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். கத்துடி, கத்துடி என்று அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். கத்தினால் பிழைப்பாள், கத்தாவிட்டால் விஷம் உள்ளே போய்விட்டது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கம்பி ஓரத்துக்கு நகர்ந்தது. "யேசுவே!" என்று அவள் போட்ட சத்தத்தில் கட்டில் அதிர்ந்தது. டிரஸ்ஸர் கம்பியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓவென்று அழுதேன்.

அத்தோடு முடியவில்லை. காய்ச்சல் வந்தது. வீக்கம் தோளுக்கு ஏறி, நெஞ்சுக்கு இறங்கி, அங்கே நின்று யோசித்தது. பிதற்றலில் அவள் மண் பிசைந்தாள். கட்டிலில் விரல்கள் பிசைந்துகொண்டே இருந்தன. அந்த விரல்களைப் பிடிக்க எனக்குப் பயமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், என் மனைவியின் கையைத் தொட எனக்குப் பயம். தொட்டேன், ஆனால் பயந்துகொண்டுதான் தொட்டேன். துரை தினமும் வந்து ஆஸ்பத்திரி வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பார். நான் தலையை ஆட்டினால் போய்விடுவார்.

பாஸ்காவுக்கு முந்தின பெரிய வியாழன் வந்தபோது வீக்கம் வடியத் தொடங்கியது. பாஸ்கா அன்று கஞ்சி கேட்டாள். முன்கையில் உள்ளங்கை அகலத்துக்குச் சதை போய்ப் பள்ளமாகிவிட்டது. விரல்கள் இரண்டு மடங்கவில்லை. உயிர் இருந்தது.

இனி அந்த மண்ணை என்ன செய்வது? ஆடு மண்ணுக்கு நோயைக் கொடுத்ததா, அந்த மாட்டுக் குழியிலிருந்து மண் ஆட்டுக்குக் கொடுத்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. செத்த ஆடுகளை அறுக்காமல், இழுக்காமல், கிடந்த இடத்திலேயே விறகு அடுக்கி எரித்தோம். சுண்ணாம்பைக் கொட்டினோம். அதன்மேல், ஒதுக்கிக் குவித்திருந்த கெட்டிக் களியைத் திரும்பக் கொண்டுவந்து மூடச் சொன்னார் துரை. கூலியாள் ஒருத்தரும் வரமாட்டேன் என்றார்கள். யாரைக் குறை சொல்வது? காலில் செருப்பு கிடையாது. அந்த முகாமில் முழங்கால் வரை பூட்ஸ் வைத்திருந்தவர் அவர் ஒருத்தர்தான். முதல் அடுக்குக் களியைத் துரை தானே கூடையில் சுமந்து பரப்பினார். வேர்த்து வழிந்தது, உதடு என்னவோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. களி ஒரு முழத்துக்கு ஏறின பிறகுதான் என்னை உள்ளே விட்டார். தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் அடித்து இறுக்கினோம். அத்தனை மாதம் எதை உடைக்கப் பாடுபட்டோமோ, அதையே கல்லாக்கினோம். கடைசியில் துரை தடியால் குத்திப் பார்த்தார். தடி இறங்கவில்லை. தலையை ஆட்டினார்.

மழைக்குப் பின் துரையம்மா குழந்தையோடு வந்தார்கள். புல்தரை என்று கடிதத்தில் படித்திருந்தவர்களுக்கு முன்னால் மொட்டைக் களித்தரை. வேலி போட்டிருந்தோம். குழந்தைக்கு வேலி தெரியுமா? வண்டியிலிருந்து இறங்கினதும் காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு, கம்புக்கு அடியில் புகுந்து ஓடியது. துரை வீட்டுக்குள் இருந்தார். நான் பெட்டி சுமந்துகொண்டிருந்தேன். மழையில் களி எங்காவது கரைந்திருந்தால்?

"ஏ ஆத்தா! அங்கன போகாத! போகாத ஆத்தா!"

சூசையம்மாள் ஓடினாள். வெறுங்காலோடு அந்தத் தரையில் ஏறிக் குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். குழந்தையின் பாதங்களைத் தன் சேலையால் அழுத்தித் துடைத்தாள். துரையம்மா பாய்ந்து வந்து பிடுங்கினார்கள். யார் இவள், எப்படித் தொடலாம் என்று கூச்சல். சத்தம் கேட்டு வந்த துரை இங்கிலீஷில் வேகமாகச் சொன்னார். துரையம்மா சூசையம்மாளின் கையைப் பார்த்தார்கள். தழும்பு அப்போது இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள். தரையைப் பார்த்துப் பின்வாங்கவில்லை. அவளைப் பார்த்து. படியேறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. பெட்டியை அங்கேயே போட்டுவிட்டேன். "ஒன்னையப் பாத்தா பயப்படுறா? ஓடிப்போய்த் தூக்குனது யாரு? வா, இந்த வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்!" என்றேன்.

அவள் மடங்காத விரல்களால் என் சட்டையைப் பிடித்தாள்.

"பயப்படட்டும், விடுங்க. பயந்தாத்தான் அந்தப் பிள்ளைய இந்தப் பக்கம் விடமாட்டாக."

சேலையைச் சரிசெய்துகொண்டு போய், குழந்தை புகுந்த வேலிக் கம்புக்கு அடியில் இலந்தை முள்ளை வைத்து அடைக்கத் தொடங்கினாள். இந்தத் தடவை முள்ளை நான் வாங்கிக்கொண்டேன்.